வளைந்த வால்வு அடாப்டர்: மலைச் சாலையில் பைக் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கின் முன் சக்கரத்தில் பிரேக் டிஸ்க்கும் ஸ்போக்குகளும் நெருக்கமாக இருப்பதால், பெட்ரோல் பங்கில் உள்ள காற்றுக் குழாயின் நீண்ட முனை பல வண்டிகளில் வால்வின் மேல் நேராக உட்காருவதில்லை. 10 அல்லது 12 அங்குலச் சக்கரம் கொண்ட ஸ்கூட்டர்களில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். 90 டிகிரி வளைந்த சிறிய உலோக அடாப்டரை வால்வில் திருகிவிட்டால், குழாயைப் பக்கவாட்டிலிருந்து எளிதாகப் பொருத்திவிடலாம். அந்த அளவில் இது பயனுள்ள கருவிதான். ஆனால் ஊட்டியிலும் குன்னூரிலும் வண்டி நிறுத்துமிடங்களில் பார்த்தால், காற்று பிடித்த பிறகும் கழற்றப்படாமல் இந்த அடாப்டர் சக்கரத்திலேயே இருப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது. மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு இதைவிட ஆபத்தான அலட்சியம் குறைவு.

டியூப்லெஸ் டயரின் வழக்கமான வால்வு, ரிம்மின் துளைக்குள் இழுத்துப் பொருத்தப்பட்ட ரப்பர் தண்டு. அது சக்கரத்தின் மையத்தை நோக்கி நேராக நிற்கும்வரை, சக்கரம் சுழலும்போது எழும் வெளிநோக்கிய விசை தண்டின் நீளவாக்கிலேயே செயல்படுவதால் தண்டு வளைவதில்லை. அதன் நுனியில் பக்கவாட்டில் நீளும் ஓர் உலோகத் துண்டைத் திருகியதும் நிலைமை மாறுகிறது. 17 அங்குலச் சக்கரம் கொண்ட பைக் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, வால்வு இருக்கும் இடத்தில் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 110 மடங்கு முடுக்கம் ஏற்படுகிறது. அடாப்டரின் எடை 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எடை தண்டின் ஒரு பக்கத்தில் தொங்குவதற்கு அது சமம். அந்த விசை ரப்பர் தண்டை அதன் அடிப்பகுதியில் ஒருபுறமாக மடக்குகிறது. வண்டி நின்றதும் தண்டு நிமிர்கிறது. இப்படி மடங்கி மடங்கி நிமிரும் ரப்பர், ரிம் துளையை ஒட்டிய இடத்தில் வெடிப்பு விடுகிறது. ஆணி குத்திய டியூப்லெஸ் டயரில் பெரும்பாலும் காற்று மெல்லக் கசிவதால் ஓரமாக நிறுத்த நேரம் கிடைக்கும். வால்வுத் தண்டு அடியோடு கிழிந்தால் காற்று முழுவதும் சில நொடிகளில் வெளியேறிவிடும்.

மலையில் மெதுவாகத்தானே ஓட்டுகிறோம் என்று இதைத் தள்ளிவிடுவது அடுத்த தவறு. வேகம் பாதியானால் விசை கால் பங்காகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மலையில் ஓடும் வண்டி மலையிலேயே இருந்துவிடுவதில்லை. மேட்டுப்பாளையம் இறங்கியதும் கோயம்புத்தூர்ச் சாலையில் வேகமெடுக்கிறது, அங்கே தொடங்கிய வெடிப்போடு மறுபடியும் மேலே ஏறுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குச் செல்லும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அந்த நேரத்தில் முன் டயரின் காற்று போனால், ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான சாலையில் வண்டியை நிதானப்படுத்த இடமே இருக்காது.

அடாப்டர்கள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சிலவற்றின் உள்ளே இருக்கும் கம்பி, திருகிய கணம் முதல் வால்வின் நடுவில் காற்றை அடைத்து நிற்கும் ஊசி போன்ற பின்னை அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். காற்றைத் தடுப்பது அடாப்டரின் மறுமுனையில் உள்ள இன்னொரு பின். அத்தகைய அடாப்டரைச் சக்கரத்தில் விட்டுவைத்தால், டயரின் காற்று முழுவதும் திருகுமரையின் அடியில் உள்ள ஒரு சிறிய ரப்பர் வாஷரை நம்பியே நிற்கிறது. மேடுபள்ளத்தில் அதிர்ந்து அதிர்ந்து அடாப்டர் சற்றே தளர்ந்தாலும் கசிவு தொடங்கிவிடும்.

பொருத்தும் விதத்திலும் தவறு நேர்கிறது. அடாப்டரை இடுக்கியால் முறுக்கக் கூடாது. ஒரு கையால் வால்வுத் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கை விரல்களால் திருகினால் போதும். பங்கில் அவசரமாகக் குழாயைப் பிடுங்கும்போது அடாப்டர் நெம்புகோல் போலச் செயல்பட்டுத் தண்டைச் சாய்த்துவிடும் என்பதால், குழாய் கழலும்வரை அடாப்டரைக் கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதைக் கழற்றி, எச்சிலோ சோப்பு நீரோ தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்து, வால்வு மூடியைப் போட வேண்டும். மூடி இல்லாமல் ஓட்டுவது இங்கே சாதாரணமாகக் காணப்படும் பழக்கம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் சேறு வாரி இறைக்கும் மலையில், பின்னில் மண் புகுந்தால் அது சரியாக மூடாது. பித்தளை வால்வில் அலுமினிய அடாப்டரையோ மூடியையோ மாதக்கணக்கில் விட்டுவைத்தால், ஈரத்தில் இரண்டும் அரித்து ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தண்டே திருகிக்கொண்டு வரும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்து, அதற்காகவே அடாப்டரைக் கழற்றாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. அந்த மாற்றம் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெப்பத்தில், ஓடிச் சூடேறாத டயரில் 29 பிஎஸ்ஐ இருந்தால், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியின் 12 டிகிரிக் குளிரில் டயருக்குள் இருக்கும் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். அளவி காட்டுவது டயரின் உள்ளழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவு குறைவு என்பதால், அந்த எண் பெரிதாக மாறாது. வண்டியின் கையேடு சொல்லும் அழுத்தத்தைக் காலையில், ஓட்டுவதற்கு முன், ஆறிய டயரில் சரிபார்ப்பதே போதுமானது.

ஒவ்வொரு முறையும் அடாப்டரைத் திருகிக் கழற்றுவது உண்மையிலேயே சிரமமாக இருந்தால், ரப்பர் தண்டையே எடுத்துவிட்டு, வளைந்த உலோக வால்வைப் பொருத்துவதே முறையான வழி. அது ரிம்மில் நட்டால் இறுக்கப்படுவதால் ரப்பர் தண்டைப்போல மடங்காது. வாங்குமுன் ரிம் துளையை அளக்க வேண்டும். பைக்குகளுக்கான இவ்வகை வால்வுகள் பெரும்பாலும் 8.3, 11.3 மில்லிமீட்டர் அளவுகளில் வருகின்றன. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விலக்கினால்தான் மாற்ற முடியும் என்பதால், புது டயர் போடும்போதே இதைச் செய்துகொள்வது நல்லது. பொருத்திய பின் சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கிக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, வால்வு பிரேக் காலிப்பரிலோ சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலோ உரசவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். எடை மாறிவிட்டதால் சக்கரத்தை மீண்டும் பேலன்ஸ் செய்வதும் அவசியம். டியூப் உள்ள ஸ்போக் சக்கரத்துக்கு இந்த வழி பொருந்தாது. அதில் வால்வு டியூபோடு ஒட்டியது. காற்று பிடிக்கும் நேரத்துக்கு மட்டும் அடாப்டரைப் பயன்படுத்திக் கழற்றிவிட வேண்டும்.

இதுவரை அடாப்டரோடு பல மாதங்கள் ஓடிய வண்டியாக இருந்தால், அதைக் கழற்றியதோடு நின்றுவிடக் கூடாது. ரப்பர் தண்டை விரலால் நான்கு புறமும் மெல்லச் சாய்த்து, ரிம்மை ஒட்டிய அடிப்பகுதியை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும், சாய்க்கும்போது சோப்பு நீரில் குமிழி வந்தாலும், அடுத்த இறக்கத்துக்கு முன் பஞ்சர் கடையில் புது வால்வு போட்டுக்கொள்ளுங்கள்.