நெஞ்சு அந்தரப்படும்போது உடம்பிடம் கேட்பது எப்படி

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து காலி வீதியில் 101 பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது போனைப் பார்த்தால் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் மிஸ்ட் கோல், இரண்டு தரம். அம்மா அந்த நேரத்தில் எடுக்கிற ஆள் இல்லை. அவ்வளவுதான், வயிற்றில் புளியைக் கரைத்தது, கம்பியைப் பிடித்திருந்த கை வேர்த்து வழுக்கியது, தலைக்குள் ஆஸ்பத்திரி, இரவு பஸ், லீவுக் கடிதம் என்று எல்லாம் வரிசையாக ஓடி முடிந்தது. திருப்பி எடுத்தால், "ஒண்டுமில்லை பிள்ளை, கொழும்புக்கு ஒரு ஆள் வருது, முருங்கைக்காய் குடுத்துவிடவோ எண்டு கேக்கத்தான்" என்கிறார்.

சரி, விசயம் முடிந்தது. ஆனால் வயிறு முடியவில்லை. வெள்ளவத்தையில் இறங்கி நடந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்த பிறகும் அது அப்படியே பிசைந்துகொண்டிருந்தது. காரணம் போன பிறகும் உடம்பில் தங்கிவிடுகிற இந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் வீடுகளில் இதற்கு ஒரே மருந்து, "யோசிக்காதை." எங்கள் பேச்சில் யோசிப்பது என்றாலே கவலைப்படுவதுதான். சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் யோசிக்காமல் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே விடிய மூன்று மணி வரை விழித்துக் கிடந்த எல்லோருக்கும் தெரியும், தலையோடு தலையால் மல்லுக்கட்டி வெல்ல முடியாது. கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், நெஞ்சுக்கு, வயிற்றுக்கு.

அங்கே நடப்பதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் குறையும். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது, ஓடவும் அடிக்கவும் தசைகளுக்குக் கூடுதலாக இரத்தம் போகிறது, சமிபாடு மந்தமாகிறது. வயிறு பிசைவதும் வாய் காய்வதும் அதனால்தான். மூச்சு வேகமானால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல்நுனி விறுவிறுக்கும், தலை மிதக்கும். இதெல்லாம் உங்களைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை. புலி வந்தாலும் மிஸ்ட் கோல் வந்தாலும் அதற்கு ஒரே வேலைதான் தெரியும்.

ஆனால் ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, குளிர வேர்க்கிறது, மூச்சு எடுக்க முடியவில்லை என்றால் இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம், 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடிக்கடி படபடப்பு வருகிறது என்றால் வைத்தியரிடம் ஒரு தரம் காட்டுங்கள், தைரோயிட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். நாளுக்கு ஆறேழு பிளேன்டீ குடிப்பவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள்.

இனிச் செய்வது.

ஒரு கதிரையில் உட்காருங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். கட்டிலில் படுத்துச் செய்தால் எனக்கு நித்திரை வரும், அல்லது யோசனை கூடும், அதனால் கதிரை. இரண்டு பாதமும் தரையில் படட்டும். ஓட்டின் குளிர், முதுகில் கதிரை அழுத்துவது, இவற்றை அரை நிமிடம் கவனியுங்கள். பிறகு நாலு எண்ணி மூச்சை எடுத்து, ஆறு எண்ணி விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது, அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஐந்தாறு தரம் போதும். மூச்சை வைத்துப் பதற்றத்தை அடக்க முயற்சி பண்ணாதீர்கள், அது கதவைத் திறக்கிற வேலை மட்டும்தான் செய்யும்.

அடுத்தது, எங்கே? தொண்டையா, நெஞ்சா, தொப்புளுக்கு மேலா, கீழா? இடம் தெரிந்தால் அதில் கையை வையுங்கள்.

பிறகு, எப்படி? இங்கேதான் மெதுவாகப் போக வேண்டும். "பதட்டமா இருக்கு" என்பது எதையும் சொல்லாத சொல். நம்மிடம் இதைவிட நல்ல சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன: பிசைகிறது, குடைகிறது, இறுக்குகிறது, அடைக்கிறது, கனக்கிறது, எரிகிறது, விறைக்கிறது, உதறுகிறது, பதறுகிறது, அந்தரமாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், கடையில் சட்டையைப் போட்டுப் பார்ப்பதுபோல. அன்று இரவு நான் முதலில் "இறுக்கம்" என்று வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. "பாரம்" என்று வைத்தேன், இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஈரத்துணியைப் பிழிந்தவர் பிழிந்தபடியே கையை விடாமல் வைத்திருக்கிறார் என்று தோன்றியது. தோன்றிய அந்த நொடியில் ஒரு பெருமூச்சு தானாக வந்தது, தோள் இரண்டும் ஒரு அங்குலம் இறங்கின. பிசைவது நிற்கவில்லை. ஆனால் "ஓம், அதுதான்" என்று வயிறு சொன்னதுபோல இருந்தது.

இந்தப் பெருமூச்சைத்தான் தேட வேண்டும். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்த மெய்யியலாளர் யூஜின் ஜெண்ட்லின் 1950களிலும் 60களிலும் உளவளத்துணை அமர்வுகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தவர்களில் ஒருவர். சரளமாகத் தங்கள் கதையைச் சொன்னவர்களைவிட, நடுவில் நின்று, தடுமாறி, "இல்லை, அப்படி இல்லை, அது வந்து..." என்று உள்ளே பார்த்துச் சொல் தேடியவர்களே கூடுதலாகக் குணமடைந்தார்கள் என்று அவர்கள் கண்டார்கள். அந்தத் தடுமாற்றத்தை யாருக்கும் கற்பிக்கலாம் என்று காட்டியதுதான் ஜெண்ட்லினின் வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதகளிப்பு உள்ளவர்கள் ஏற்கெனவே உடம்பைக் கவனிப்பவர்கள்தான், அளவுக்கு மிஞ்சியே கவனிப்பவர்கள். எங்கள் மாடியில் இருக்கிற ஒரு அக்கா ஒரே வருடத்தில் மூன்று தரம் ஈசிஜி எடுத்தவர், மூன்றும் சரி, ஆனாலும் நாடியைப் பிடித்துப் பார்த்தபடியே இருப்பார். "அக்கா, கையை எடுங்கோ" என்றால், "எடுத்தா நிண்டிடும் போல கிடக்கு தங்கச்சி" என்பார். அது காவல் காப்பது. நான் சொல்வது பக்கத்தில் போய் உட்காருவது. இரண்டுக்கும் வித்தியாசத்தை நீங்கள் கேட்கிற கேள்வியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். "இது என்னவாகப் போகுது?" என்று கேட்டால் காவல். "இது இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் பக்கத்தில் இருக்கிறீர்கள். முதலாவது கேள்வி வந்தால் கோபப்படாமல் இரண்டாவதுக்கு மாறுங்கள். ஒரு இரவில் இருபது தரம் மாற வேண்டியிருக்கும், பரவாயில்லை. அக்கா இப்போது நாடியை விட்டுவிட்டு உள்ளங்கையை நெஞ்சில் வைக்கிறார், எண்ணுவதில்லை, சூட்டை மட்டும் பார்க்கிறார்.

இடமும் தன்மையும் கிடைத்த பிறகு உணர்ச்சிக்கு வாருங்கள். பதட்டம் என்று வருவது எப்போதும் பயம் இல்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்ப்பாடு என்றால் மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது, எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள். நான் இந்த எட்டையும் ஒரு கேள்வித்தாள் மாதிரிப் பாவிக்கிறேன். அச்சமா? அதற்குள் வெகுளி இருக்கிறதா, சொல்ல முடியாத கோபம்? யாரோ சிறுமைப்படுத்தியதால் வந்த இளிவரலா? அழுகைக்கு இழவும் ஒரு காரணம் என்கிறது அந்தப் பட்டியல், இழந்தது ஏதும் இருக்கிறதா? உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது வெறும் ஆறுதல் இல்லை. உளவியலாளர் மத்தியூ லீபர்மனும் அவருடைய குழுவும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான, பயந்த முகங்களின் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தபோது, மூளையில் ஆபத்துக்கு மணியடிக்கிற அமிக்டலாவின் துடிப்பு குறைந்திருந்தது.

பெயர் கிடைத்தாலும் உடனே வேலையில் இறங்காதீர்கள். காய்ச்சல் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதுபோலச் சும்மா இருங்கள், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு மெதுவாக அதனிடமே கேளுங்கள்: "இதில உனக்கு எது இவ்வளவு கஷ்டம்?" முதல் பதில் பட்டென்று வரும், அது தலையின் பதில், பழைய பாட்டு, கேட்டுவிட்டு விடுங்கள். உடம்பின் பதில் சுணங்கி வரும். அன்று எனக்கு வந்தது, அம்மாவுக்கு ஏதாவது என்ற பயம் இல்லை, அது போன் எடுத்ததுமே தீர்ந்துவிட்டது. ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அம்மா தனியே இருக்கிறார், பொங்கலுக்கும் நான் போகவில்லை, முருங்கைக்காய் வேணுமோ என்று கேட்கவாவது அவருக்கு ஒரு ஆள் வேண்டும். அது அழுகை. அச்சத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த அழுகை. கொஞ்சம் அழுதேன். துணியைப் பிழிந்த கை மெல்லத் தளர்ந்தது. இப்போது இரவு எட்டு மணிக்கு நானே எடுத்துவிடுகிறேன், கதைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

எல்லா நாளும் இப்படிப் பதில் வராது. சில நாள் பத்து நிமிடம் இருந்தும் வெறும் இறுக்கம்தான் மிச்சம், அப்போது "இண்டைக்கு இவ்வளவுதான், நாளைக்கு வாறன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு எழும்புங்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது முதல் தரம் பழகவும் வேண்டாம். கேத்தில் கொதிக்கும் வரை, லிப்ட் வரும் வரை, சும்மா இருக்கிற நேரத்தில் வயிற்றையும் நெஞ்சையும் எட்டிப் பார்த்துப் பழகினால், தேவைப்படும் நாளில் வழி தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்களில் பலருடைய உடம்பு 1983 கலவரத்தையும் சோதனைச் சாவடிகளையும் 2019 ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளையும் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே பார்க்கப் போனால் அந்தப் பழைய நாளே திறந்துகொள்ளலாம், ஆட்கள் மறைந்து சத்தமும் மணமும் மட்டும் திரும்பி வரலாம். வந்தால் உள்ளே போவதை உடனே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து வெளியே வாருங்கள்: சுவரில் என்ன நிறம், எத்தனை ஜன்னல், இன்று என்ன திகதி. முடிந்தால் எழும்பி நடங்கள். நான் மரைன் டிரைவுக்குப் போய்த் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அடிக்கிற அலையைப் பார்த்து எண்ணுவேன், பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் கடந்தால் பெட்டிகளை எண்ணுவேன். அந்தக் காயங்களைத் தனியே திறக்க வேண்டாம், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வாரக்கணக்கில் நித்திரை இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, பஸ்ஸில் ஏறவே பயம், உயிரை விடலாமா என்று நினைப்பு வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்குகளில் காசு இல்லாமல் காட்டலாம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடனே சொல்லிவிடுங்கள். எங்கே தொடங்குவது என்று தடுமாறினால், கதிரையில் இருந்து நீங்கள் கண்டுபிடித்த அந்த ஒரு வரியிலேயே தொடங்குங்கள், "வயித்துக்குள்ள யாரோ துணி பிழியிற மாதிரி இருக்கு" என்று.