பேரூராட்சிக்கு மனு எழுதுவது எப்படி: கம்பத்து எண்ணிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு பேரூராட்சி. 15 வார்டு. அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. நகல் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர், "அண்ணாச்சி, அப்படியே ஒரு மனுவும் எழுதித் தாங்க" என்பார்கள். பதினோரு வருடமாக எழுதிக் கொடுக்கிறேன். எந்த மனு வேலையை நடத்துகிறது, எது கட்டோடு கட்டாகக் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

"எங்க தெருவுல லைட்டே எரியல" என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, கம்பத்து எண் என்ன? அநேகமாக யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கறுப்புப் பட்டையில் வெள்ளை எண்ணாக எழுதியிருக்கும். மேலே போஸ்டர் ஒட்டியிருந்தால் தண்ணீர் விட்டு நனைத்து உரித்துப் பாருங்கள். எண் அழிந்தே போயிருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண்ணை எழுதுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், விளக்கு மாட்டுகிறவர் ஏணியோடு வருவது பகலில். பகலில் எந்த விளக்கு எரியாதது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெருப் பெயர் மட்டும் இருந்தால் அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். எண் இருந்தால் நேரே அந்தக் கம்பத்தில் ஏணியைச் சாய்ப்பார்.

தண்ணீருக்கும் இதே கதைதான். "தண்ணி சரியா வரல" என்று எழுதாதீர்கள். ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்: திங்கள் காலை 6.10க்கு வந்தது, 6.25க்கு நின்றது, நாலு குடம். வியாழன் வரவே இல்லை. உங்கள் வீடு தெரு முனையில் இருக்கிறதா, கடைசியில் இருக்கிறதா என்பதையும் சேருங்கள். முனை வீட்டுக்கு வந்து கடைசி வீட்டுக்கு வரவில்லை என்றால் பிரச்சினை அந்தத் தெருவுக்குள்ளேயே இருக்கிறது. தெரு முழுக்க இல்லை என்றால் வால்விலோ தொட்டியிலோ இருக்கும். தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு இந்தக் குறிப்பைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துவிடும்.

அடுத்து, ஒரு மனுவுக்கு ஒரு குறைதான். விளக்கு, சாக்கடை, தெருநாய் என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள். விளக்கைப் பார்க்கிறவர் வேறு, சாக்கடையைப் பார்க்கிற துப்புரவு மேற்பார்வையாளர் வேறு. விளக்கு மாட்டியதும் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று அந்த மனு முடிந்துவிடும். சாக்கடை அப்படியே கிடக்கும். மூன்று குறை என்றால் மூன்று தாள். செலவு கூடுதலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

மனுவின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். பெறுநர் என்ற இடத்தில் "செயல் அலுவலர்" என்று போட்டுப் பேரூராட்சியின் பெயரை எழுதுங்கள். தலைவருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுக்கலாம். பொருள் வரியில்தான் உயிர் இருக்கிறது. நான் இப்படி எழுதுவேன்:

"பொருள்: 7-வது வார்டு, பிள்ளையார் கோவில் தெரு, கம்பம் எண் 14, தெருவிளக்கு எரியாதது, சரிசெய்யக் கோருதல் தொடர்பாக."

அதற்குக் கீழே நாலு வரி போதும். எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, கம்பத்துக்கு எதிரே எந்த வீடு, இருட்டில் யாருக்கு என்ன சிரமம், பேசவேண்டிய கைபேசி எண். அவ்வளவுதான். "தாங்கள் கருணை கூர்ந்து" என்று ஒரு பக்கம் எழுதினால் படிக்கிறவர் எண்ணைத் தேடிக் களைத்துப்போவார். தவிர, இது நாம் வரி கட்டுகிற ஊர். கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை.

வரி என்றதும் ஒன்று. அலுவலகத்தில் "வரி கட்டியாச்சா?" என்ற கேள்வி எழும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் அந்தந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ரசீது கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

இப்போது, எது யாருடைய வேலை என்ற விஷயம். இதில்தான் மக்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். தெருவிளக்கு, குடிநீர், குப்பை, உள்தெருச் சாக்கடை, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் பேரூராட்சி. கம்பி அறுந்து தொங்கினாலோ டிரான்ஸ்பார்மர் புகைந்தாலோ மின்வாரியம். அதற்கு மனுவெல்லாம் வேண்டாம், உடனே 94987 94987க்கு போன் செய்யுங்கள். ரேஷன் கார்டு என்றால் வட்ட வழங்கல் அலுவலகம். பட்டா என்றால் கிராம நிர்வாக அலுவலரும் தாசில்தாரும்.

மெயின் ரோட்டில்தான் சிக்கல். மெயின் ரோட்டில் குடியிருக்கும் ஒரு அக்கா வீட்டுத் திண்ணை வரை சாக்கடைத் தண்ணீர் ஏறியது. நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். பேரூராட்சியில் கொடுத்தோம். அங்கே முடியாது என்றும் சொல்லவில்லை, செய்யவும் இல்லை. ஐந்து மாதம் போய்விட்டது. மழைக்காலம் முழுக்க அந்த அக்கா வாசலில் செங்கல் அடுக்கி அதன்மேல் நடந்தார். கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: இந்தக் கதவு எண்ணுக்கு முன்னால் இருக்கும் வடிகாலைப் பராமரிக்கும் பொறுப்பு எந்தத் துறையுடையது? வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது 2005ஆம் வருடத்துச் சட்டம். 27-வது நாள் பதில் வந்தது: நெடுஞ்சாலைத் துறை. நாங்கள் கதவைத் தட்டிய வீடே தப்பு. அதன்பிறகு அந்தத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு எழுதி, வேலை நடந்தது.

அதிலிருந்து மெயின் ரோட்டுக் குறை என்று யார் வந்தாலும் அந்த ரோட்டின் மைல்கல்லைப் பார்த்துவரச் சொல்கிறேன். கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அப்புறம்தான் பேனாவை எடுப்பேன்.

மனுவைக் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்று சொன்னால் தகராறு வேண்டாம். நேரே தபால் நிலையம் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒப்புகை இல்லாத மனு வாய்ப்பேச்சுக்குச் சமம்.

வார்டுகளில் நடக்கும் பகுதி சபா கூட்டத்தையும் விடாதீர்கள். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் இது நடக்கிறது. பக்கத்து ஊராட்சிகளில் இருக்கிறவர்களுக்குக் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எழுந்து நின்று கேட்கிற கேள்விக்குத் தனி எடை உண்டு.

ஒரு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லையா? திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் போங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே கொடுக்கும் மனு சுற்றிவிட்டு நம் ஊர் அலுவலகத்துக்கேதான் வரும். "இதுக்கா பஸ் ஏறிப் போனேன்" என்று வருத்தப்படுவார்கள். ஆனால் இந்தமுறை அதற்கு ஒரு எண் இருக்கிறது, மேலே பதில் சொல்லியாக வேண்டும். அதனால் புதிதாகக் கதை எழுதாதீர்கள். "இன்ன தேதியில் மனு கொடுத்தேன், ஒப்புகை இணைத்துள்ளேன், இன்றுவரை நடவடிக்கை இல்லை" என்று மூன்றே வரி எழுதி, முத்திரை போட்ட பிரதியின் நகலை வையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். மனு எண் அச்சடித்த சீட்டும் தபால் ரசீதும் ஆறு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடலாம். வாங்கிய அன்றைக்கே ஒரு நகல் எடுத்து, மனுவோடு சேர்த்துக் குத்தி வைத்துவிடுங்கள்.