ரோபோவில் அரம் வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரியாகவும் ரோபோவாகவும் மாறும் பொம்மை ஒன்று என் மேஜையில் இருக்கிறது. ரோபோவாக நிற்கும்போது கம்பீரம்தான். லாரியாக மடக்கினால் மட்டும் இடது கதவு முழுசாக மூடாமல் துருத்திக்கொண்டு நிற்கும். காரணம் நான்தான். முன்கை ஒல்லியாகத் தெரிகிறதே என்று எம்-சீல் உருட்டி ஒட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து அரத்தால் இழைத்து, பெயின்ட்டும் அடித்து முடித்தேன். அப்புறம்தான் மடக்கிப் பார்த்தேன். லாரிக்குள் அந்தக் கை போய்ப் படுக்கிற பள்ளம், பழைய கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தடித்த கைக்கு அங்கே இடமில்லை.

இப்படி உருமாறும் பொம்மையை நம் இஷ்டத்துக்கு மாற்றியமைக்கிற வேலையில் வரும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்துதான் முளைக்கிறது. சாதாரண பொம்மைக்கு வெளித்தோற்றம் சரியாக வந்தால் போதும். உருமாறும் பொம்மையில் இரண்டு பொம்மைகள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. ஜப்பானில் டகாரா நிறுவனம் டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்று விற்றுவந்த பொம்மைகளை அமெரிக்க ஹாஸ்ப்ரோ வாங்கி, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் இறக்கியது. அன்றைக்கும் இன்றைக்கும் கணக்கு ஒன்றுதான்: வண்டிக்குள் ரோபோ முழுசாக ஒளிய வேண்டும். ரோபோவுக்குச் சேர்க்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரையும் வண்டி எங்கேயாவது கழித்துக் கொடுத்தாக வேண்டும்.

எனவே எதையும் ஒட்டுவதற்கு முன் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கேல் உள்ளே நுழையாது. குழந்தைகள் விளையாடும் கலர் களிமண்ணில் ஒரு மிளகளவு எடுத்து, மெல்லிய பாலிதீனில் சுற்றி, நீங்கள் தடிமனாக்க நினைக்கும் இடத்தில் வைத்துப் பொம்மையை முழுசாக மடக்குங்கள். திறந்து பார்த்தால் நசுங்கிய களிமண் எவ்வளவு தடிமனாக மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைத்த இடம். அதிலும் பெயின்ட்டுக்கென்று கொஞ்சம் விட்டுவிட வேண்டும். பல இடங்களில் களிமண் காகிதம் மாதிரி நசுங்கி வரும். அங்கே எதையும் சேர்க்கக் கூடாது என்று அர்த்தம். மடக்கி முடித்த நிலையில் மட்டும் பார்த்தாலும் போதாது. பாதி திரும்பும்போது முழங்கை மார்பில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் இப்போதெல்லாம் அரம் எடுப்பதற்கு முன் பத்துத் தடவையாவது மெதுவாக மாற்றிப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அடுத்தது, மூட்டுக்குள் இருக்கும் பின். கை, கால் மூட்டுகளை மெல்லிய இரும்புப் பின்கள்தான் பிடித்திருக்கின்றன. ஸ்க்ரூ இல்லாத மூட்டைப் பிரிக்க வேண்டுமென்றால் பின்னைத் தட்டித்தான் எடுக்க வேண்டும். நான் முதன்முதலில் தட்டியபோது பின் வந்துவிட்டது, ஆனால் திரும்பப் போட்டதும் தோள் லொடலொடவென்று ஆடியது. டவுனில் எனக்குப் பழக்கமான நகைப் பட்டறை ஒன்று உண்டு, ஊசி அரம் வாங்குவது பற்றிக் கேட்கப் போவேன். அங்கே கொண்டுபோய்க் காட்டினேன். வயதான ஆசாரி, கண்ணில் லென்ஸை வைத்துப் பின்னை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"ரெண்டு முனையும் ஒண்ணுன்னு நெனச்சி அடிச்சியளோ தம்பி?"

"ஒண்ணுதான அண்ணாச்சி?"

"எங்க ஒண்ணு? இந்த முனையில வரி வரியா இருக்குல்லா. இது பிளாஸ்டிக்கக் கடிச்சிப் பிடிக்கதுக்கு. நீங்க வரி இருக்க தலையிலேயே அடிச்சிருக்கிய. அது உள்ள முழுக்கக் கீறிக்கிட்டுல்லா போயிருக்கும்."

விஷயம் அவ்வளவுதான். இப்படிப்பட்ட பின்னில் வரி போட்ட முனை ஓட்டையின் வாயில் இறுகியிருக்கும், மீதி வழவழப்பாக இருக்கும். வழவழப்பான முனையில் தட்டினால் வரி போட்ட முனை முதலில் வெளியே வந்துவிடும், ஓட்டைக்குச் சேதமில்லை. மாற்றித் தட்டினால் அந்த வரிகள் மூட்டின் உள்ளே முழு நீளத்துக்கும் உழுதுகொண்டு போகும். தட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரியுள்ள பக்கத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக்கிலும் சின்னச் சின்னக் கீறல் பல நேரம் தெரியும். தட்டும் கம்பி பின்னைவிட ஒல்லியாக இருக்க வேண்டும். முனையைச் சப்பையாக அராவிய ஆணி போதும். அடியில் பின் இறங்குவதற்கு ஓட்டை போட்ட மரக்கட்டை வையுங்கள். மூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே தட்டினால் பின்னுக்குப் பதில் மூட்டின் காது உடையும்.

தங்கப் பொடி சுழித்த மாதிரி மினுமினுக்கும் பழைய பிளாஸ்டிக் என்றால் பின்னைத் தொடவே வேண்டாம். 1980களின் கடைசியிலும் 90களிலும் வந்த அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பல, சும்மா அலமாரியில் இருந்தாலே நொறுங்கிப் போகிற ரகம்.

அவசரப்பட்டு மின்சாரக் கருவியை எடுப்பது இன்னொரு தவறு. ஏன் என்று புரிய அம்பாசமுத்திரம் போய் மரச்செப்பு கடைகிற பட்டறையில் பத்து நிமிடம் நின்றால் போதும். சுழல்கிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். தீயும் இல்லை, அடுப்பும் இல்லை. உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் சிவப்பாக, மஞ்சளாக ஏறும். பொம்மையின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு 100 டிகிரியைத் தாண்டினால் இளக்கம் வந்துவிடும். வேகமாகச் சுழலும் முனையை அதில் அழுத்தினால் அது அரைபடாது, உருகிச் சுருண்டு முனையிலேயே ஒட்டிக்கொள்ளும். பின் வைஸ் எனப்படும் கையால் திருகும் சின்ன டிரில், ஊசி அரம், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், இவற்றில் சூடே ஏறாது. ஓட்டை போடும்போது முதலில் 1 மில்லிமீட்டர் பிட், அப்புறம் 1.5, அப்புறம் 2 என்று பெரிதாக்கிக்கொண்டே போங்கள். தேய்க்க 400 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 800, 1000 என்று ஏறுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது, மூச்சுக்கும் நல்லது.

வெட்டும்போது கோட்டின் மேலேயே வெட்டாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு மீதியை அரத்தால் கொண்டு வாருங்கள். வாள் போகிற பாதையில் கொஞ்சம் பிளாஸ்டிக் பொடியாகப் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு காலை இரண்டாக அறுத்துத் திரும்ப ஒட்டினால் அது பழைய நீளத்துக்கு வராது, கால் குட்டையாகிவிடும். அப்புறம் லாரியின் பின்பக்கம் பூட்டாது.

ஸ்க்ரூ பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டை என்று தாளில் பொம்மையின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டால் மறுபக்கம் முளைத்து வரும். திரும்பப் போடும்போது முதலில் இடது பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று இறங்கும், அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலது பக்கம் திருகினால் அது புது மரை வெட்டாது. ஸ்பிரிங் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் பொம்மையைப் பெரிய பாலிதீன் பைக்குள் வைத்துப் பிரியுங்கள். கட்டிலுக்கடியில் தேடுகிற வேலை மிச்சம்.

பசை விஷயத்தில் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்று என்று நினைப்பதுதான் கோளாறு. வெளி ஓடு பெரும்பாலும் ஏபிஎஸ். அதில் பசை பிடிக்கும், பெயின்ட் பிடிக்கும். மூட்டுகளில் சில இடங்களில் பிஓஎம் என்ற வழுக்கும் ரகம் இருக்கும். தொட்டால் மெழுகு மாதிரி இருக்கும், எந்தப் பசையும் அதில் ஒழுங்காக நிற்காது. அங்கே பசையை நம்பாமல் ஓட்டை போட்டு மெல்லிய கம்பி சொருகித்தான் இணைக்க வேண்டும். கண்ணாடி மாதிரியான பாகத்துக்குப் பக்கத்தில் சூப்பர் க்ளூ கொண்டு போனால் அதன் ஆவியே வெள்ளையாகப் பூத்து லாரியின் முன்கண்ணாடியை மங்கலாக்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் அது பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.

பந்து மூட்டு லூசானால் பலர் உடனே சூப்பர் க்ளூவைத்தான் எடுக்கிறார்கள். காய்வதற்குள் பந்தைக் கிண்ணத்தில் சொருகிவிட்டால் அந்தத் தோள் ஜென்மத்துக்கும் அசையாது. நான் சாதாரண ஃபெவிகாலைத்தான் பந்தின் மேல் மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டுச் சொருகுகிறேன். இறுக்கம் அதிகமானால் ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைத்துவிட்டு மறுபடி தடவிக்கொள்ளலாம்.

பெயின்ட்டுக்கு நேரம் பார்ப்பது எங்கள் பக்கத்தில் ரொம்ப முக்கியம். ஆனி, ஆடியில் பாளையங்கோட்டை மொட்டை மாடியில் பெயின்ட் அடித்தால் காற்று தூக்கிவரும் மண் அத்தனையும் ரோபோவின் நெற்றியில் ஒட்டும். குற்றாலச் சாரல் எட்டுகிற பக்கம் என்றால் ஈரக் காற்றில் ஸ்ப்ரே வெளுத்துப் போகும். சித்திரை வெயிலில் ஸ்ப்ரே பொம்மைக்குப் போய்ச் சேருவதற்குள் காய்ந்து, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். காலை ஏழு, எட்டு மணிக்கு ஜன்னல் திறந்த அறைக்குள், அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அதற்குள் அடிப்பதுதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது. ஒன்றோடொன்று உரசுகிற பரப்புக்கும் மூட்டுக்குள்ளும் பெயின்ட் வேண்டாம். முதல் தடவை மடக்கும்போதே உரிந்து வரும், அல்லது உரியாமல் இறுகி எதையாவது உடைக்கும்.

ஆசைப்பட்டு வாங்கிய ஒரிஜினலில் கைவைப்பதற்கு முன் பழகிக்கொள்ள, நெல்லையப்பர் ஆனித் திருவிழாக் கடைகளில் கிடைக்கிற மாதிரியான மலிவு ரோபோக்கள் நல்லவை. பிளாஸ்டிக் சுமார்தான், மூட்டும் கரகரக்கும். ஆனால் உடைந்தால் மனசு வலிக்காது. அதில் பின் ஒன்றைச் சரியான பக்கத்திலிருந்து தட்டி எடுத்துத் திரும்பப் போடுங்கள். மூட்டு ஆடாமல் நின்றால் அடுத்ததுக்குப் போகலாம்.

என் லாரியின் இடது கையை இந்த ஆடிக் காற்று அடங்கியதும் பிரிக்கப் போகிறேன். எம்-சீலை எவ்வளவு இழைக்க வேண்டும் என்று களிமண் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பின்னின் வரி எந்தப் பக்கம் என்று முழங்கையிலேயே மார்க்கரில் ஒரு புள்ளியும் வைத்திருக்கிறேன்.