ஜீப்பை உயர்த்துமுன் ஷொக் அப்சோபரை அளந்து பாருங்கள்

உயரமான ஸ்பிரிங் போட்டு ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்த விரும்புபவர்கள், ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் அடங்கிய முழுத் தொகுதியையும் வாங்குமுன், சமதரையில் நிற்கும்போது ஷொக் அப்சோபரின் மேல், கீழ்ப் பொருத்துமுனைகளுக்கு இடைப்பட்ட நீளத்தையும், வாகனத்தின் அடிச்சட்டமான சசியை ஜக்கால் தூக்கித் தாங்கி வைத்துச் சில்லுகளைத் தொங்கவிட்டபின் அதே நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். வித்தியாசம் ஐந்து அங்குலமாயின், உயர்த்திய பின்னும் மூன்று அங்குலம் எஞ்சும்; கசிவில்லாத பழைய ஷொக் அப்சோபரையே வைத்துக்கொள்ளலாம்.

உயரமான ஸ்பிரிங் வாகனத்தை மேலே தூக்குகிறதே தவிர, ஷொக் அப்சோபர் நீளும் எல்லையை மாற்றுவதில்லை. சில்லு அளவுக்கு மேல் எழாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் பழையபடியே இருப்பதால் அமுங்கும் எல்லையும் மாறாது. ஆகவே குறைவது சில்லு கீழே இறங்கும் தூரம் மட்டுமே. இலங்கையின் கிழக்கே பாணமையைத் தாண்டிக் குமண நோக்கிச் செல்லும் பாதையில், மாரி மழை அரித்த குழிகளில் தேவைப்படுவதும் அந்தத் தூரமே. தொங்கும் நிலையில் சில்லுக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுசெல்லும் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். அதில் சிக்கனம் வேண்டாம்.

ஜிம்னி, 2016 வரை தயாரிக்கப்பட்ட பழைய டிபெண்டர் போன்ற, இரு பக்கச் சில்லுகளையும் இணைக்கும் முழு அச்சும் கொயில் ஸ்பிரிங்கும் உள்ள வாகனங்களுக்கே இக்கணக்குப் பொருந்தும். முன்சில்லுகள் தனித்தனியே அசையும் வாகனங்களுக்கும், இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்துபவர்களுக்கும் இது போதாது.