நத்தாருக்கு முற்றத்தில் ஒரு கணப்பு: மழை ஈரத்திலும் நெருப்பு நிற்க

நுவரெலியா பங்களாக்களில் இருப்பதுபோலக் கணப்படுப்பும் புகைக்கூண்டும் யாழ்ப்பாணத்து வீட்டு ஹோலில் கட்டத் தேவையில்லை. மார்கழி இரவிலும் இங்கே 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. ஆனால் வாடைக்காற்றோடு மழை ஈரமும் சேர்ந்தால் கூதல் பிடிக்கும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, பிளேன்டீயோடு முற்றத்தில் சுற்றிக் குந்தியிருக்க ஒரு கணப்பு இருந்தால் அந்தச் சுகமே வேறு. எங்கள் பிரச்சினை குளிர் அல்ல, ஈரம். நிலம், கல், விறகு எல்லாம் ஐப்பசியிலிருந்தே ஊறிப்போய்க் கிடக்கும்.

இடம்

வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே வீட்டுக்குத் தென்மேற்கில் மூட்டினால் புகை வீட்டுக்குள் வராது. பொறியும் அந்தப் பக்கம்தான் பறக்கும். அங்கே கிடுகு வேலியோ கொட்டிலோ இருந்தால் 15 அடியாவது தள்ளி வையுங்கோ. சீமெந்து போட்ட முற்றத்தில் நேரே மூட்டாதையுங்கோ, சூட்டில் சீமெந்து செதிள் செதிளாகக் கிளம்பும்.

வட்டம்

நடுவில் 2 அடி அகலம் போதும். மண்ணுக்கு மேல் 3 அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல்லைப் படுக்க வையுங்கோ. இந்த அடித்தளத்துக்கு 13 கல் அளவில் பிடிக்கும். சுற்றிவர ஒரு வரிக்கு 8 கல், மூன்று வரி. கல்லுக்குக் கல் ஒரு விரல் இடைவெளி விட்டால்தான் காற்று உள்ளே போகும். உடைவதையும் சேர்த்து 40 கல் எடுங்கோ. சாந்து வேண்டாம்.

பழைய லொறி ரிம் ஒன்று கிடைத்தால் இந்தக் கட்டு வேலையே தேவையில்லை. மூன்று செங்கல்லில் தூக்கி வைத்தால் அடியால் காற்று பிடிக்கும், செங்கல் வட்டத்தைவிட நன்றாக எரியும். என் தெரிவு அதுதான். துத்தநாகம் பூசிய வாளி மட்டும் வேண்டாம். சூடேறினால் வரும் புகை காய்ச்சல் தரும்.

கல்லில்தான் பிழைக்கும்

வளவில் கிடக்கிற சுண்ணக்கல்லைப் பொறுக்கி அடுக்கத்தான் எவருக்கும் மனம் வரும். காசில்லை, பார்க்கவும் வடிவு. அதைத்தான் தொடக்கூடாது. எங்கள் கல் நுண்துளை நிறைந்தது, மழையில் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். சூடேறும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் பருக்கப் பார்க்கும். வெளியேற வழியில்லாவிட்டால் "பட்" என்று கல் வெடித்துச் சில்லுப் பறக்கும், கண் மட்டத்தில் குந்தியிருக்கிற பிள்ளைகள் பக்கம்.

நன்றாகக் காய்ந்த கல் என்றாலும் தப்பவில்லை. 800 பாகைக்கு மேல் நெடுநேரம் வெந்தால் அது நீற்றாத சுண்ணாம்பாகும். சூளையில் சுண்ணாம்பு சுடுவதும் இப்படித்தான். அடுத்த மழைக்குக் கொதித்து, வெள்ளை மாவாக உதிரும். அந்த மா கண்ணில் பட்டால் புண்ணாகும்.

செங்கல்லும் ஈரம் குடிக்கும். அதனால் நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர் காவோலையால் சின்ன நெருப்பு அரை மணித்தியாலம் எரியுங்கோ. கல்லிலிருந்து வெள்ளையாய் ஆவி வருவது நின்றால் காய்ந்துவிட்டது. பிறகு ஒரு தகரத்தால் மூடி விடுங்கோ.

விறகு

மூன்று கிழமைக்கு முன்னரே பிளந்து, கூரைக்குக் கீழ் அடுக்க வேணும். பிளக்காத குத்தி உள்ளே காயாது. இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது "டொக்" என்று மழுங்கும். சவுக்கு முதல்தரம், பூவரசும் வேம்பும் பரவாயில்லை. முள்முருக்கை கண்மூடித் திறக்குமுன் எரிந்து தீரும். அலரி வேண்டவே வேண்டாம், அதன் புகையும் நஞ்சு. வர்ணம் பூசிய பழைய பலகையும் அப்படித்தான்.

மூட்டுவது

தடித்த கட்டை அடியில், அதன்மேல் குறுக்கே மெல்லியது, உச்சியில் பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும். நெருப்பை உச்சியில் வையுங்கோ. மேலிருந்து கீழே இறங்கி எரிந்தால் புகை குறைவு. 20 நிமிடத்தில் சுவாலை நிலைக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. பிறகு தணலில் சுடுகிற கிழங்கு முழுக்க அந்த மணம்தான் அடிக்கும். பூசைக்குப் போகுமுன் அடுக்கி மட்டும் வைத்துவிட்டு, வந்து மூட்டுங்கோ.

சுவாலை தணிந்ததும் 20 சிரட்டை போட்டால் நல்ல தணல் வரும். ஓரத்துச் சாம்பலில் வத்தாளங்கிழங்கைப் புதைத்து, 40 நிமிடம் கழித்து ஈர்க்கால் குத்திப் பாருங்கோ. தடையில்லாமல் இறங்க வேணும்.

பிறகு சேர்த்தது

"மழை வந்தால் தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைக்கலாமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. யன்னல் பூட்டிய அறையில் நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். ஆட்கள் விறாந்தைக்கு ஏறட்டும், நெருப்பு முற்றத்திலேயே கிடக்கட்டும்.

அணைக்க மணல் போடுங்கோ. சுடு செங்கல்லில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும்.

மிச்சச் சிரட்டையை வெளியே மல்லாக்க விடாதையுங்கோ. மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும். கவிழ்த்து அடுக்கி, கூரைக்குள் வைத்தால் தைப்பொங்கலுக்கும் உதவும்.