அயனி இயக்க எண்: சூடாக்கியதும் ஏன் மாறுகிறது?

மின்புலம் இழுக்க, ஒரு குழாயிலுள்ள வாயுவினூடே அயனி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைச் சொல்வதே அயனி இயக்க எண். அதே சேர்மம், அதே கருவி. ஆனால் குழாயைச் சூடாக்கியதும் அயனி முன்னதாகவே வந்து சேர்கிறது. புதிதாக அளப்பவர்களுக்கு இங்கேதான் குழப்பம் தொடங்கும். இரண்டு விஷயங்கள் கலந்திருப்பதே காரணம்: சூடான வாயு அடர்த்தி குறைந்து அயனிக்கு வழிவிடுகிறது, அயனியோடு ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளும் கழன்றுகொள்கின்றன. முதலாவதைக் கணக்கால் நீக்கிவிடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

படி 1: இயக்க எண்ணைக் கணக்கிடுங்கள்

டிரிஃப்ட் குழாயின் (அயனி ஓடும் குழாய்) நீளத்தை வர்க்கப்படுத்தி, மின்னழுத்தத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். நீளம் 10 செ.மீ., மின்னழுத்தம் 2500 வோல்ட், நேரம் 20 மில்லிநொடி என்றால், 100 ÷ (2500 × 0.02) = 2.0. அலகு: ஒரு வோல்ட்-நொடிக்கு இத்தனை சதுர செ.மீ.

படி 2: அடர்த்தியைச் சரிசெய்யுங்கள்

வந்த எண்ணை (273.15 ÷ கெல்வின் வெப்பநிலை) × (டார் என்ற அலகில் அழுத்தம் ÷ 760) என்பதால் பெருக்குங்கள். வாயு 100 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 760 டார் என்றால் 1.46 வரும். தவறுதலாக 25 டிகிரி என்று போட்டால் 1.83! அதனால் வெப்பநிலையை எங்கே அளக்கிறீர்கள் என்பது முக்கியம். குழாய்ச் சுவரின் சூடும் உள்ளே ஓடும் வாயுவின் சூடும் ஒன்றல்ல. வாயுவை முன்கூட்டியே சூடாக்கி அனுப்புங்கள். சூடு நிலைபெறும்வரை பொறுங்கள்.

படி 3: வெப்பநிலையை மாற்றி மாற்றி அளங்கள்

திருத்திய பிறகும் எண் நகர்கிறதா? மோதல் பரப்பு, அதாவது வாயு மூலக்கூறுகள் மோத அயனி காட்டும் பரப்பு, வெப்பநிலையோடு கொஞ்சம் மாறுவது இயல்பு. பெரிய நகர்வு என்றால் பிணைப்பைச் சந்தேகியுங்கள். மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்புகள் இந்தச் சூட்டில் பொதுவாக அசையாது. புரோட்டானைச் சுற்றி ஹைட்ரஜன் பிணைப்பால் தொற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் அப்படியல்ல. ஹைட்ரோனியத்தோடு (புரோட்டான் ஏறிய தண்ணீர் மூலக்கூறு) முதலில் சேரும் தண்ணீரைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 130 கிலோஜூல் வேண்டும். அடுத்தடுத்துச் சேர்பவற்றுக்கு அதைவிடக் குறைவு. எனவே வெளியில் இருப்பவைதான் முதலில் உதிரும். கொத்து சிறுத்ததும் அயனி வேகமெடுக்கும். வாயுவில் ஈரப்பதம் கூடினால் இதற்கு நேரெதிராக நடக்கும். ஆகவே ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டாவது உச்சத்தைச் சோதியுங்கள்

அயனிகள் வந்து சேரும் நேரத்தை வரைபடமாக்கினால், ஒவ்வொரு வகை அயனியும் ஓர் உச்சமாகத் தெரியும். ஒரே மூலக்கூறு ஒரு புரோட்டானோடு இருந்தால் அது மோனோமர். இரண்டு மூலக்கூறுகள் ஒரு புரோட்டானைப் பகிர்ந்துகொண்டால் அது டைமர்; மோனோமருக்குப் பின்னால் மெதுவாக வரும். மாதிரியைக் குறைத்துப் பாருங்கள். பின்னால் வரும் உச்சம் வேகமாகச் சுருங்கினால் அது பெரும்பாலும் டைமர்தான். அப்புறம் சூட்டை ஏற்றுங்கள். சில டைமர்கள் பாதி வழியில் உடைந்து, மிச்சத் தூரத்தை மோனோமராக ஓடி முடிக்கும். அவை இரண்டு உச்சங்களுக்கும் நடுவே வந்து சேர்வதால் அந்த இடத்தில் வரைபடத்தின் அடிமட்டக் கோடு பாலம்போல் உயர்ந்து நிற்கும். அது இரைச்சல் இல்லை. ஒரு பிணைப்பு அறுவதை நேரில் பார்க்கிறீர்கள்.

படி 5: அசையாத ஒன்றோடு ஒப்பிடுங்கள்

2,6-டை-டெர்ட்-பியூட்டைல்பிரிடின் இதற்கு அருமையான சேர்மம். அதன் நைட்ரஜனின் இருபுறமும் பருத்த டெர்ட்-பியூட்டைல் தொகுதிகள் காவல் நிற்பதால், தண்ணீரும் சரி, இன்னொரு மூலக்கூறும் சரி, எளிதில் ஒட்ட முடியாது. அதன் திருத்திய மதிப்பு சுமார் 1.42, சூட்டாலும் ஈரத்தாலும் அதிகம் மாறாது. உங்கள் கருவியில் இதுவே நகர்ந்தால் வெப்பநிலை, அழுத்தம், மின்னழுத்தம் மூன்றையும் முதலில் சரிபாருங்கள். இது நிலையாக நின்று உங்கள் சேர்மம் மட்டும் நகர்ந்தால், படி 3-க்குத் திரும்பி ஈரப்பதத்தை மாற்றி அளந்து பாருங்கள்.