மழைக்குச் சரிவு தாங்குமா? மாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மூணு நாள் மழையை ஊத்திட்டேன், பாதுகாப்புக் காரணி 2.5-க்குக் கீழே இறங்கவே இல்லை" என்று, சரிவைக் கணினி மாடலில் ஓடவிட்ட யாராவது சந்தோஷமாகச் சொன்னால் நான் மழையைப் பற்றி விசாரிப்பதில்லை. (பாதுகாப்புக் காரணி என்பது, சரிவைத் தாங்கும் வலுவை, அதைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் வருவது; 1-க்குக் கீழே போனால் சரிவு சரியும்.) மழைக்கு முந்தைய நாள் அந்த மண் எப்படி இருந்ததாக வைத்தீர்கள் என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

முழுசாக நனையாத மண்ணில், துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் நீர் அவற்றை இழுத்துப் பிடித்துவைத்திருக்கும். இதுதான் உறிஞ்சழுத்தம். நிலத்தடி நீர்மட்டம் 12 மீட்டர் ஆழத்தில் என்று கொடுத்துவிட்டு வேறெதுவும் சொல்லாவிட்டால், மென்பொருள் அதற்கு மேலே நேர்கோடாக இந்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். 2 மீட்டர் ஆழத்தில் அது 98 கிலோபாஸ்கல்!

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். சரிவு 35°, வழுக்குத் தளம் 2 மீட்டர் ஆழம், ஒட்டுவலு 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 32°, மண்ணின் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உறிஞ்சழுத்தம் மண்ணின் வலுவை எவ்வளவு கூட்டும் என்பதைக் காட்டும் கோணம் 15°. உறிஞ்சழுத்தமே இல்லையென்றால் காரணி 1.19. 10 கிலோபாஸ்கல் இருந்தால் 1.35. 98 என்றால் 2.74. மண்ணும் சரிவும் மாறவே இல்லை. தென்மேற்குப் பருவமழையில் ஊறிக் கிடக்கும் நீலகிரிச் சரிவில், நவம்பர் தொடக்கத்தில் 98 எங்கிருந்து வரும்? முந்தைய இரண்டு மாத மழையை முதலில் ஓடவிட்டு, அதில் கிடைக்கும் நிலையைத் தொடக்கமாக வையுங்கள். டென்சியோமீட்டர் (மண்ணின் உறிஞ்சழுத்தத்தை அளக்கும் கருவி) அளவு கையில் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது, பெய்ததெல்லாம் உள்ளே போனது என்று எடுத்துக்கொள்வது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சராசரியாக மணிக்கு 34 மில்லிமீட்டர். வினாடிக்கு 10⁻⁶ மீட்டர் கடத்தும் மண், நன்றாக நனைந்த பிறகு, மணிக்கு ஏறக்குறைய 3.6 மில்லிமீட்டர்தான் வாங்கும். மீதி வழிந்தோடும். மழையை அப்படியே பாய்வாக, அதாவது முழுதும் மண்ணுக்குள் போயே ஆக வேண்டிய நீராக, மாடலில் கொடுத்தால் மேற்பரப்பில் பல மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்பது போன்ற அழுத்தம் காட்டும். சரிவின் மேல் குளமா கட்டியிருக்கிறோம்? மேற்பரப்பில் அழுத்தம் பூஜ்யத்தைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையைப் போட்டாலே இது சரியாகிவிடும்.

ஆனால் ஆய்வகத்தில் சின்ன மாதிரியில் அளந்த அந்த 10⁻⁶-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். வேர்த் துளை, விரிசல், எலி வளை எதுவும் அந்த மாதிரியில் இருக்காது. சாலைக் கல்வெர்ட்டும் வீட்டுச் சாக்கடையும் சரிவின் தலையில் வந்து விழுந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

உறிஞ்சழுத்தம் போவதோடு கதை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. மேலே சொன்ன சரிவு உறிஞ்சழுத்தம் முழுக்கப் போன பிறகும் 1.19-இல் நிற்கிறது. அடியில் பாறை இருந்து, அதன்மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கிச் சரிவோடு ஓடினால்தான் அது 0.94-க்கு விழுகிறது. மண்ணுக்கும் பாறைக்கும் இடையிலுள்ள எல்லையை மாடலில் விட்டுவிட்டால் இது கண்ணிலேயே படாது.

அப்புறம், மழை நின்ற மணியோடு கணக்கை நிறுத்தாதீர்கள். மேல்மண்ணில் இருக்கும் நீர் அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். காரணி குறைந்து, திரும்ப ஏறத் தொடங்கும் வரை ஓடவிடுங்கள்.